அஞ்சு விசில் வந்தும் காதுல விழல: ராப் கேக்குற ஒரு அப்பாவுக்கு

கேள்வி: வணக்கம் மேடம், எனக்கு 42 வயசு, கோயம்புத்தூர். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 17 வருஷம் மெர்ச்சண்டைசரா இருந்தேன், ஆள் குறைச்சப்ப என்னையும் அனுப்பிட்டாங்க, ஒன்றரை வருஷம் ஆச்சு. மனைவி பேங்க் ஆபீசர், பொள்ளாச்சி பிராஞ்ச், காலைல எட்டுக்கு கிளம்பினா திரும்பி வர நைட்டு ஏழே முக்கால் ஆயிடும். பொண்ணு எட்டாவது, பையன் ரெண்டாவது. சமையல், டிபன் பாக்ஸ், துணி, பசங்கள விடுறது கூட்டிட்டு வர்றதுன்னு அவளுக்கு எல்லா ஹெல்ப்பும் நான்தான் பண்றேன். பதினோரு மணிக்கு பேங்க்ல இருந்து போன் வரும், உளுந்து ஊற போட்டீங்களா, சிலிண்டர் புக் பண்ணீங்களா, நாளைக்கு பையனுக்கு கலர் டிரெஸ்னு, நானும் சொன்ன உடனே செஞ்சிருவேன். எனக்குன்னு இருக்குற ஒரே சந்தோஷம் ஹிப் ஹாப், அதான் ராப் பாட்டு மேடம். 2006ல மலேசியா தமிழ் ராப் குரூப் யோகி பி அண்ட் நட்சத்ரா ஆல்பம் வந்தப்ப புடிச்ச பைத்தியம், அங்கிருந்து பின்னாடி போய் அமெரிக்க ராப்பர்ங்க டூபாக், நாஸ், இப்ப கென்ட்ரிக் லமார் வரைக்கும் கேக்குறேன். ஹெட்செட் போட்டுட்டேதான் சமைப்பேன். போன மாசம் ஒரு நாள் சாயந்திரம் குக்கர் அஞ்சு விசில் தாண்டி பருப்பு அடிபிடிச்சு வீடெல்லாம் புகை, எனக்கு காதுல விழவே இல்ல. அப்பதான் உள்ள வந்த மனைவி "வயசுக்கேத்த மாதிரி இருங்க"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு ரூமுக்கு போயிட்டா. பொண்ணு "கிரிஞ்சா இருக்குப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி தலைய ஆட்டாதீங்க"ங்குறா. துணி மடிக்கிறப்ப ஸ்பீக்கர்ல ஓடுன பாட்டுல இருந்து ஒரு கெட்ட வார்த்தைய புடிச்சு பையன் கிளாஸ்ல சொல்லிட்டான், மிஸ் கூப்பிட்டு விட்டாங்க. எங்கம்மா வந்தா "கரண்டி புடிக்கவா உன்ன படிக்க வெச்சேன்"னு அழுவாங்க. இவ்ளோ ஹெல்ப் பண்ணியும் ஒரு நல்ல பேர் இல்ல. நைட்டு எல்லாரும் தூங்குனப்புறம் பால்கனில ஒன்றரை மணி வரைக்கும் உக்காந்து கேப்பேன், மளிகை லிஸ்ட் பின்னாடி நானா ரெண்டு வரி எழுதுவேன். வீட்டுக்கு ஹெல்ப்பா இருக்கணும்னா இதையும் விட்டுடணுமா?

பதில்: தம்பி, ராப்ப விட வேண்டாம். இத மொதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா மிச்சத்த படிக்கிற வரைக்கும் உங்களுக்கு திக்குதிக்குன்னு இருக்கும்.

ஆனா உங்க லெட்டர்ல என் கண்ணு நின்ன இடம் ராப் இல்ல. "ஹெல்ப்". நான் சுருக்கிப் போட்டதுலயே மூணு தடவை வருது, நீங்க அனுப்புன முழு லெட்டர்ல ஒன்பது தடவை, பென்சில்ல சுழிச்சு எண்ணுனேன். ஒன்றரை வருஷமா ஒரு வீட்டையே நடத்துற மனுஷன் அத ஹெல்ப்புன்னு சொன்னா யாரோட வேலைக்கு ஹெல்ப்பு? அப்ப அந்த வேலை இன்னும் உங்க மனைவியோடதுன்னுதான உங்க மனசுல இருக்கு. அத நீங்க வாயால சொல்லல, அந்த பதினோரு மணி போன் சொல்லுது.

எங்க வீட்டுக் கதைய சொல்றேன், அவருக்கு தெரிஞ்சா கோவிப்பார், பரவால்ல. எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன புதுசுல "இனி காய்கறி என் டிபார்ட்மென்ட்"னு பெருமையா உழவர் சந்தைக்கு கிளம்புவார். நான் இங்க கவுன்சிலிங்குக்கு வந்த ஒரு தம்பதிய உக்கார வெச்சு பேசிட்டு இருப்பேன், போன் அடிக்கும். கத்திரிக்கா பச்சையா வரியா? அரை கிலோவா முக்கா கிலோவா? கொத்தமல்லி ஃப்ரிட்ஜ்ல இருக்கா? பையத் தூக்குறது அவர், ஆனா சந்தைல நிக்கிறது நான்தான். வெயில்ல போய் தூக்கிட்டு வர்ற மனுஷன் கிட்ட இத சொன்னா நன்றி கெட்டவள்னு பேர் வரும், அதனால ரெண்டு வருஷம் சொல்லாமயே இருந்தேன்.

உளுந்த எடுத்துக்கோங்க. நாளைக்கு காலைல ஆறு மணிக்கு இட்லி வேணும்னா மாவு ராத்திரி பூரா புளிக்கணும், அதுக்கு சாயந்திரமே ஆட்டி வெக்கணும், அதுக்கு மத்தியானத்துக்குள்ள அரிசியும் உளுந்தும் ஊறணும், அதுக்கு டப்பால உளுந்து இருக்கான்னு நேத்தே பாத்திருக்கணும். நாளைக்கு கரண்ட் கட்டுன்னு மெசேஜ் வந்திருந்தா கிரைண்டர இன்னிக்கே ஓட்டிடணும். இதுல கைவேலை எவ்ளோ? முக்கா மணி நேரம் இருக்குமா, கிரைண்டர் கழுவுறதையும் சேத்து? மிச்சம் பூரா தலை வேலை. அந்த தலை வேலைய உங்க மனைவி பொள்ளாச்சில கவுண்டர் முன்னாடி வரிசைல ஆள் நிக்கிறப்ப, லோன் ஃபைல் நடுவுல பாத்துட்டு இருக்காங்க. அலிசன் டாமிங்கர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் 2019ல இத நாலு துண்டா பிரிச்சு எழுதுனாங்க, என்ன தேவைப்படும்னு முன்னாடியே யோசிக்கிறது, என்னென்ன வழி இருக்குன்னு தேடுறது, முடிவெடுக்கிறது, அது நடந்துச்சான்னு கவனிச்சுட்டே இருக்குறது. இதுல முடிவெடுக்கிறது பெரும்பாலும் ரெண்டு பேருமா சேந்து நடக்குது, முதலாவதும் கடைசியும்தான் பொம்பளைங்க தலைல வந்து விழுதுன்னு அவங்க கண்டாங்க. உங்க வீட்ல கை உங்களுது, தலை அவங்களுது. அவ்ளோதான் விஷயம்.

இப்ப அந்த புகை சாயந்திரத்த அவங்க பக்கத்துல இருந்து பாருங்க. நாப்பது கிலோமீட்டர் பஸ்ல நின்னுட்டு வந்து வாசல்ல செருப்ப விடுறாங்க, தீஞ்ச வாசனை, உள்ள வந்தா புகைக்கு நடுவுல நீங்க முதுக காட்டிட்டு நிக்கிறீங்க, காதுல ஹெட்செட், தலை ஆடுது. பருப்பு போனா போகுது, கடைல இருக்கு. அந்த நிமிஷம் அவங்க கண்ணுல பட்டது என்னன்னா இந்த மனுஷனுக்கு தலை ஃப்ரீயா இருக்கு, எனக்கு பஸ்ல வர்றப்ப கூட ஃப்ரீயா இல்ல. இத சொல்றதுக்கு யாருக்கும் சட்டுனு வார்த்தை வராது, வாய்க்கு வந்தது "வயசு". கோவத்துல வர்ற வார்த்தைய அப்படியே புடிச்சு தொங்காதீங்க.

உங்க உழைப்ப நான் குறைச்சு பேசல. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல நம்ம நாட்டுல வீட்டு வேலைன்னு கொஞ்சமாச்சும் செஞ்ச ஆம்பளைங்க நூத்துக்கு 26 பேர், அந்த 26 பேரும் சராசரியா நாளுக்கு 97 நிமிஷம், பொம்பளைங்களுக்கு அதே கணக்கு 299 நிமிஷம். நீங்க காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு நைட்டு வரைக்கும் ஓடுறீங்க. ஆயிரத்துல ஒருத்தர்னு சொன்னாலும் தப்பில்ல. அதுக்குத்தான் சொல்றேன், இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, மிச்சம் இருக்குற அந்த ஒரு அடியையும் வெச்சிருங்க, ஹெல்ப்பர்ல இருந்து பொறுப்பாளரா மாறுங்க. அத எப்படின்னு கடைசில சொல்றேன்.

வயசு விஷயத்துக்கு மட்டும் ஒரு பதில் கைல வெச்சுக்கோங்க, மனைவிக்கு இல்ல, பொண்ணுக்கு. ஹிப் ஹாப்புக்கு 2023லயே அம்பது வயசு முடிஞ்சிருச்சு, அது உங்களுக்கே அண்ணன். கில்லர் மைக்னு ஒரு அமெரிக்க ராப்பர் 48 வயசுல, 2024 கிராமி இசை விருதுல ராப்புக்கு மூணு விருது வாங்குனார். நானெல்லாம் பி.சுசீலா காலத்து ஆளு, உங்க லெட்டர் வந்தப்புறம் எங்க அக்கா பையன உக்கார வெச்சு ரெண்டு நாள் பாடம் கேட்டேன். அவன் சொன்னதுல ஒண்ணு எனக்கு ரொம்ப புடிச்சுது, உங்களுக்கு தெரிஞ்சதாத்தான் இருக்கும், ஆனா இப்படி யோசிச்சிருக்கீங்களான்னு பாருங்க. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் அபார்ட்மென்ட். சிண்டி கேம்பல்னு ஒரு பொண்ணுக்கு ஸ்கூல் திறக்குறதுக்குள்ள புது டிரெஸ் வாங்க காசு வேணும், அதுக்காக கீழ இருந்த பொது ஹால்ல ஒரு பார்ட்டி வெச்சா, பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட்டு. பாட்டு போட்டது அவ அண்ணன், 18 வயசு, ஜமைக்கால இருந்து வந்த குடும்பம், அவனத்தான் டிஜே கூல் ஹெர்க்னு உலகமே சொல்லுது. அவன் போட்ட ஸ்பீக்கர் யாருது? அவங்க அப்பாவோடது! நீங்க இத்தன வருஷமா கேக்குற மொத்த சமாச்சாரமும் ஸ்கூல் டிரெஸ் வாங்குற வீட்டுக் கணக்குல, அப்பாவோட ஸ்பீக்கர்ல ஆரம்பிச்சது தம்பி. நீங்க என்னடான்னா அத வீட்டுக்கு ஆகாத சாமான் மாதிரி காதுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு திரியிறீங்க.

அதனால ஹெட்செட்ட கழட்டுங்க, பாட்ட இல்ல, ஹெட்செட்ட மட்டும். அடுப்பு எரியிறப்ப ரெண்டு காதையும் அடைக்கிறது எப்படியும் ஆகாது, இப்ப வர்ற நிறைய ஹெட்செட் வெளிச் சத்தத்தையே சாப்பிட்டுருது, குக்கர் மட்டுமா, பையன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாலும் கேக்காது. காதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும்தான்னு சொல்லுது, சத்தம் கூடக் கூட நேரம் மடமடன்னு குறையும். உங்க கணக்குக்கு, பகல்ல சமையல் நேரம், நைட்டு பால்கனி எல்லாம் சேத்தா, புதன்கிழமையே கோட்டா முடிஞ்சிருக்கும் போல.

ஸ்பீக்கர்ல போட்டா பையன் கேப்பானேன்னு நீங்க கேக்குறது தெரியுது. பையன் விஷயத்துல தப்பு உங்க மேலதான், சப்பக்கட்டு கட்ட வேண்டாம். ஏழு வயசுல காது டேப்ரெக்கார்டர், அர்த்தம் தெரியாது, எந்த வார்த்தைய சொன்னா பெரியவங்க முகம் மாறுதுன்னு மட்டும் நல்லா தெரியும். அவன திட்டாதீங்க, "இது அப்பா கேட்ட பாட்டுல வந்த வார்த்தை, பெரியவங்களையே புண்படுத்துற வார்த்தை, உன் காதுல விழ விட்டது அப்பா தப்பு"ன்னு நேரா சொல்லிடுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். மிஸ் கிட்டயும் அதையே சொல்லுங்க. அப்புறம் ஆப்ல பாட்டு பேர் பக்கத்துல சின்னதா இங்கிலீஷ் ஈ எழுத்து இருக்கும் பாருங்க, அது இருந்தா கெட்ட வார்த்தைன்னு அர்த்தம், செட்டிங்ஸ்ல அத அடைச்சு வெக்கலாம், நிறைய பாட்டுக்கு சுத்தம் பண்ணுன வெர்ஷனும் இருக்கு. இது ஒண்ணும் நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல, 1985லயே அமெரிக்க செனட் வரைக்கும் போய் பெத்தவங்க சண்ட போட்டுத்தான் கேசட் அட்டைல எச்சரிக்கை லேபிள் வந்துச்சு. பசங்க முழிச்சிருக்குற நேரத்துக்கு ஒரு பட்டியல், உங்களுக்கு தனியா ஒண்ணு. ரெண்டையும் கலக்காதீங்க.

பொண்ணு விஷயம் வேற. பதிமூணு வயசுல அவளுக்கு இங்கிலீஷ் உங்கள விட நல்லா புரியும், அந்தப் பாட்டுங்கள்ல பொம்பளைங்கள என்னென்ன பேர் சொல்லி கூப்பிடுறாங்கன்னு அவளுக்கு தெரியும், அத எங்கப்பா தலைய ஆட்டி ரசிக்கிறாரேன்னு உள்ளுக்குள்ள ஓடிட்டு இருக்கலாம். கிரிஞ்சுன்னு அவ சொல்றதுல பாதி எல்லா பதிமூணு வயசும் சொல்றதுதான், எங்கப்பா வேட்டிய மடிச்சு கட்டிட்டு என் ஸ்கூல் வாசல்ல நின்னப்ப எனக்கும் தரைல புதைஞ்சிரலாம் போல இருந்துச்சு. மீதி பாதிய நீங்கதான் பேசணும். எந்தப் பாட்டுல எந்த வரி எனக்கும் புடிக்கல, இருந்தும் ஏன் கேக்குறேன், எத கேக்குறத நிறுத்திட்டேன்னு. நீங்க சொன்ன நாஸ் 2012ல தன் பொண்ண வளக்குறதப் பத்தியே ஒரு பாட்டு எழுதிருக்காராமே, ஊருக்கெல்லாம் ஆட்டம் காட்டிட்டு சொந்தப் பொண்ணு வளந்து நிக்கிறப்ப முழிக்கிற ஒரு அப்பனோட பாட்டு, அதுல இருந்து ஆரம்பிக்கலாம். முழு லெட்டர்ல அவ ரூம் சுவர் பூரா பிடிஎஸ், அந்த கொரியா பாட்டு குரூப் படம்னு எழுதிருந்தீங்க. அந்த ஏழு பேர்ல ஆர்எம், சுகா, ஜே ஹோப் மூணு பேரும் ராப்பர்ங்க, 2013ல வந்த புதுசுல அந்த குரூப்பே ஹிப் ஹாப் குரூப்பாத்தான் வந்துச்சு. உங்களுக்கு தெரியாதா இது? தெரிஞ்சும் ஏன் அவ கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? "சுகாவோட எந்த வெர்ஸ் நல்லா இருக்கும், போட்டு காட்டு"ன்னு கேளுங்க, கேட்டுட்டு வாய மூடிட்டு கேளுங்க, உடனே டூபாக்க இழுக்காதீங்க.

உங்கம்மாவுக்கு பதில் சொல்லிட்டு இருக்க வேண்டாம். அடுத்த தடவை வர்றப்ப அவங்க கைப்பக்குவத்துல ஒரு குழம்பு எப்படின்னு கேட்டு பக்கத்துல நின்னு கத்துக்கோங்க, அழுகை அதுவா அடங்கும், அடங்கலன்னாலும் குழம்பு மிச்சம்.

நைட்டு ஒன்றரை மணி கணக்குதான் எனக்கு கொஞ்சம் இடிக்குது. உங்க லிஸ்ட் பின்னாடி எழுதுனதுல ரெண்டு வரி எனக்கு அனுப்பிருந்தீங்க, நீங்க கேக்காமயே இங்க போடுறேன், மன்னிச்சுக்கோங்க:

"குக்கருக்கு மூணு விசில், எனக்கு ஒண்ணும் வரல
குழம்பு கொதிச்சு அடங்கிருச்சு, நான் இன்னும் ஆறல"

நல்லா இருக்கு தம்பி, மோனை தன்னால விழுந்திருக்கு. ஆனா மூணு பக்க லெட்டர்ல வேலை போனதப் பத்தி ஒரே வரி, அதுவும் கணக்கு மாதிரி. இங்க ரெண்டே வரில மொத்தமும் வந்திருச்சு. 17 வருஷம் பையர் மெயிலுக்கும் ஷிப்மென்ட் தேதிக்கும் ஓடுன மனுஷன், ஒரு நாள் காலைல யாரும் கூப்பிடல. அந்த சூடு ஆறல. அது உங்க மனைவிக்கு தெரியுமா? அவங்களுக்கு தெரிஞ்சது ஹெட்செட் போட்ட முதுகு மட்டும்தான். பால்கனில பாட்டு கேக்குறப்ப சந்தோஷமா இருக்கா, இல்ல ஒண்ணும் தோணாம இருக்குறதுக்காக கேக்குறீங்களான்னு நீங்களே உங்கள ஒரு தடவை கேளுங்க. தூக்கம் வராம, பசி எடுக்காம, எதுலயும் மனசு ஒட்டாம ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டர பாக்குறதுல வெக்கம் இல்ல, நேர்ல போக தயக்கமா இருந்தா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ், 14416, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். அப்படி ஒண்ணும் இல்ல, சும்மா கேக்குறேன்னா பதினோரு மணிக்கு எழுந்து படுக்க போயிருங்க, அஞ்சரைக்கு எழுந்திரிக்கிறவருக்கு நாலு மணி நேரத் தூக்கம் பத்தாது, பருப்பு அடிபிடிச்சதுல அதுக்கும் பங்கு இருக்கு.

சரி, பொறுப்பாளர் ஆகுறது. உங்க வீட்டு விஷயம் எல்லாம் யார் போன் நம்பர்ல ஓடுதுன்னு பாருங்க. ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல இருக்குறது அவங்க நம்பர்தான? கலர் டிரெஸ் மெசேஜ் பொள்ளாச்சிக்கு போய் அங்கிருந்து உங்களுக்கு ஏன் வருது? சிலிண்டர் புக்கிங், ஈபி பில் மெசேஜ், பால்காரர், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், எல்லாத்துக்கும் உங்க நம்பர மாத்துங்க. ஒரு வாரம் மறப்பீங்க, சொதப்புவீங்க, ஒரு நாள் காலைல மாவு இல்லாம உப்புமா ஆகும், ஆகட்டும், அவங்களும் அப்ப குறுக்க வந்து சொல்லாம இருக்கணும், அத முன்னாடியே பேசிக்கோங்க. பேசுறதுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்ல நேரம், சாப்பிட்டு கொஞ்சம் தூங்கி எழுந்தப்புறம். "நான் ஹெல்ப் பண்றேன்"னு ஆரம்பிக்காதீங்க, "அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் இந்த வீடு என் வேலை, நீ பதினோரு மணிக்கு போன் பண்ண வேண்டியதில்ல"ன்னு சொல்லிப் பாருங்க. வேலை கிடைச்சப்புறம் எப்படி பிரிச்சுக்கிறதுன்னு அப்ப திரும்ப உக்காந்து பேசலாம், அத இப்பவே இழுத்தா சண்டைலதான் போய் முடியும். சாயந்திரம் ஏழரைல இருந்து எட்டேகால் வரைக்கும் பாட்டே வேண்டாம், ஸ்பீக்கர்லயும் வேண்டாம், அவங்க வந்து ஒரு டம்ளர் காப்பி குடிச்சு முடிக்கட்டும். அந்த ரெண்டு வரிய படிச்சு காட்டணும்னு இல்ல, மளிகை லிஸ்ட்ட மட்டும் இனிமே மடிச்சு ஒளிக்காம ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருங்க.

மொதல்ல ஸ்கூல் குரூப். நாளைக்கு பசங்கள விடப் போறப்பவே ஆபீஸ் ரூம்ல உங்க நம்பர எழுதிக் குடுத்துட்டு வாங்க, "அம்மா நம்பர் குடுங்க சார்"னுவாங்க, அப்பா நம்பரே போதும்னு சொல்லுங்க.